எமகண்டமும் என் அம்மாவின் குக்கரும்

2008 மார்ச் 15, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். தேத்தண்ணீர் ஊற்றி அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முற்றம் கூட்டி, வாசல் தெளித்து, வானொலியில் செய்தி கேட்டு, பிறகு உயர்தர வகுப்பு இரசாயனவியல் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஊக்கி என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒன்பது பேர் ஒரே விடையை, ஒரே பிழையோடு எழுதியிருந்தார்கள். ஒன்பது தடவையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். (அன்று மாலைக்குள் ஊக்கி பற்றி அவர்களைவிட எனக்கு அதிகம் தெரியாது என்பது உறுதியாகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.)

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எழுத்து இல்லை. ஒரு மெழுகுக் கறை மட்டும் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மாத்தளை நகரத்தில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தெரியாத விடயம் என்று எனக்கு உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. அப்பா இறந்துவிட்டார், அம்மாவும் நானும்தான். அம்மாவின் வாழ்க்கை இலட்சியம் என்னை ஒருவருக்குக் கட்டிக்கொடுப்பது. என் வாழ்க்கை இலட்சியம் பிறரைத் திருத்துவது. இந்த இரண்டும் மூன்று தடவை மோதியிருந்தன.

முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளை, உப்பு ஒரு மூலகம் என்றார். அது இரண்டு மூலகங்கள் சேர்ந்த சேர்வை என்பதை ஒரு கடதாசியில் வரைந்து காட்டினேன். இரண்டாவது மாப்பிள்ளையின் பெரியப்பா, தான் போட்டிருக்கும் செம்புக் காப்பு இரத்த அழுத்தத்தை உறிஞ்சி எடுக்கிறது என்றார். எந்த வழியாக என்று கேட்டேன். மூன்றாவது வீட்டார் வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர்கள் முதல் இரண்டு வீட்டாரிடமும் விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

நான்காவதாக வரவிருந்தவர் சிவநேசன். தம்புள்ளையில் விவசாய அலுவலகம் ஒன்றில் உத்தியோகம். அவரை நான் ஏற்கெனவே ஒரு தடவை கோயில் அன்னதானத்தில் பார்த்திருந்தேன். எதிர்ப் பந்தியில் இருந்தவர், என்ன பாடம் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப எங்க ஸ்டோர்ல யூரியா மூட்ட ஏன் கட்டி கட்டியாப் போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன். என் இலையிலும் அவர் இலையிலும் சோறு ஆறிப்போகும் வரை விளக்கினேன். பரீட்சை எழுத வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் ஆண் என் விளக்கத்தைக் கடைசி வரை கேட்டது அதுவே முதல் தடவை. ஒரு மாதம் கழித்துத் தரகர் அதே பெயரைக் கொண்டுவந்தபோது, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். மற்ற மூன்றுக்கும் நான் "உங்கள் விருப்பம்" என்றுதான் சொல்லியிருந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சாமிக்கு விளக்கேற்றினாள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை அம்மா எனக்குச் சொன்ன புத்தி மிகத் தெளிவானது.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ டீச்சர் இல்ல, சுகந்தி. அவங்க உப்பு இனிக்குதுன்னு சொன்னாலும் ஆமான்னு சொல்லு."

"இனிக்காதே அம்மா."

"பார்த்தியா! பார்த்தியா!"

மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா ஒரு மணிக்குக் கடைத்தெருவுக்குப் போவாள். தேத்தண்ணீரோடு கொடுக்கப் பட்டிஸ், கதலி வாழைப்பழம், மல்லிகைப்பூ, தையற்காரியிடம் இருக்கும் என் ரவிக்கை எல்லாம் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்புவாள். இந்த இரண்டு மணி நேரம் வீட்டில் நான் தனி. என்னோடு அம்மாவின் பிரஷர் குக்கரும் தனி. திருச்சிக்குப் போய்க் குடியேறிய பெரியம்மா கொண்டுவந்து கொடுத்தது அது. அம்மா வீட்டில் இருக்கும்போது அதைத் தொடுவதற்கு எனக்கு அனுமதி கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேறு எந்த நாளிலும் அம்மா வீட்டை விட்டு இரண்டு மணி நேரம் நகர்வதில்லை. (இது எனக்கு அப்போது மிகச் சிறந்த தருக்கமாகத் தெரிந்தது.)

குக்கர் எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் மாத்தளையில் கருவாட்டிலிருந்து கல்யாணக் காட் வரை எல்லாம் சிலிசிலி பேக்கில்தான் வரும். கையில் பிடித்தால் சிலிசிலி என்று சத்தம் போடும் மெல்லிய பொலித்தீன் பை. வந்த பை வீட்டிலிருந்து கானுக்குப் போகும். மழைக்குக் கான் அடைத்து, எங்கள் ஒழுங்கை முழுவதும் தண்ணீர் நிற்கும். இந்த நிலையில் ஓர் அறிவியல் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வாசித்தேன். பொலித்தீன் என்பது மிக நீளமான ஒரு சங்கிலி. சும்மா சூடாக்கினால் அது கண்டபடி உடையும். தகுந்த ஊக்கி ஒன்றை வைத்துச் சூடாக்கினால் வேண்டிய அளவுக்கு உடையும். எரியெண்ணெய், உராய்வெண்ணெய், சவர்க்காரம் செய்வதற்கான மூலப்பொருள் என்று குப்பையிலிருந்து பிரயோசனமான இரசாயனங்கள் பலவற்றை எடுக்கலாம். கட்டுரையை வாசித்து முடித்தபோது, மாத்தளையின் கானும் மண்ணெண்ணெய் விலையும் நாட்டின் பொருளாதாரமும் என் கை படுவதற்காகக் காத்திருந்தன. அடுத்த நாளே வகுப்பில் அறிவித்தேன்: "திங்கட்கிழமை ஒரு போத்தல் எண்ணெய் கொண்டு வருவேன். நீங்கள் வீசிய பையிலிருந்து."

ஊக்கிக்குக் களிமண் வகைகள் நல்லவை என்று கட்டுரை சொன்னது. எங்கள் வளவில் நல்ல களி இருந்த ஒரே இடம் பலா மரத்தடிப் புற்று. அம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கும் புற்று. விளக்கு வெளிச்சம் படாத பின்பக்கமாக ஒரு சிரட்டை மண் எடுத்தேன். அதை ரொட்டிக் கல்லில் வறுத்தேன். ஆய்வுகூடத்தில் உலையில் வைத்துச் சுடவேண்டியதை ரொட்டிக் கல்லில் வறுத்தால் போதும் என்று தீர்மானித்தது யார் என்று கேட்காதீர்கள். திருத்துவதற்கு அங்கே வேறு டீச்சர் இருக்கவில்லை.

அம்மா படலையைத் தாண்டியதும் பின்வளவில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினேன். குக்கரின் அடியில் மண். அதன் மேல் கழுவிக் காயவைத்து வெட்டிய சிலிசிலி பேக், கழுத்து வரை. விசில் குண்டு வைக்கும் இடத்தில் ஒரு செப்புக் குழாயைச் செருகி, கட்டுக்கம்பியால் இறுக்கி, சந்து பொந்துகளைக் கோதுமை மாப் பசையால் அடைத்தேன். குழாய் ஒரு வாளி ஐஸ் தண்ணீருக்குள் புகுந்து, மறுபக்கம் ஒரு பழச்சாற்றுக் கோடியல் போத்தலின் வாயில் முடிந்தது. ஐஸ் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஃபரீதா ராத்தா. வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஐஸ் எதுக்குடி? மாப்பிள வீட்டுக்கு ஜூஸா?"

"இல்ல ராத்தா. குளிர வைக்க."

"யார?"

"ஆவிய."

"யா அல்லாஹ்!" என்றவர் ஐஸ் தட்டைத் தந்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் மஞ்சள் நிறத்தில் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய்! நான் வாளியைச் சுற்றி ஆடினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதில்தான் வெட்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு துளி நின்றது. நெருப்புப் போதவில்லை என்று தீர்மானித்து விறகு வைத்தேன். அப்போதும் வரவில்லை. குளிர் போதவில்லை என்று தீர்மானித்து மிச்ச ஐஸையும் கொட்டினேன்.

உண்மையில் நடந்தது இதுதான். அரைகுறையாக வறுத்து அடியில் கொட்டிய மண்ணுக்கும் மேலே போன ஆவிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. சங்கிலிகள் எண்ணெய் அளவுக்குச் சின்னதாக உடையாமல், மெழுகு அளவிலேயே நின்றுவிட்டன. சூட்டில் ஆவியாகக் குழாய்க்குள் போன மெழுகு, நான் பெருமையோடு கொட்டிய ஐஸில் உறைந்து கட்டியானது. எங்கள் ஒழுங்கைக் கானை அடைத்த அதே பைகள், அதே ஒழுங்கோடு என் குழாயையும் அடைத்தன. கீழே நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் பின்வேலிக்கு அப்பால் மேல் ஒழுங்கையில் ஒரு வான் நிற்பதைக் கண்டேன்; எப்போது வந்ததோ தெரியாது. யாரும் இறங்கவில்லை. அந்த நாட்களில் ஒரு வான் வந்து நின்று யாரும் இறங்காவிட்டால், பார்த்தவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் பார்த்தேன். ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் அல்ல, நீல நிறம். ராத்தாவின் கணவரிடம் கராம்பு வாங்க வந்தவர்களாக்கும் என்று நினைத்து, குக்கர் பக்கம் திரும்பினேன். குக்கர் முனகத் தொடங்கியிருந்தது.

முதலில் அதற்கு நல்ல விதமாகச் சொன்னேன். பிறகு ஏசினேன். பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு ஏசும் அதே தொனி. குக்கர் நடுங்கியது, கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய் அப்பாவின் பழைய மழைக்கோட்டைப் போட்டு, முகத்தில் ஈரத் துவாயைக் கட்டி, குடையைக் கேடயமாக விரித்துக்கொண்டு, கொக்கத்தடியால் விறகை இழுக்கப் போனேன். இரண்டு விறகை இழுத்தேன்.

மூன்றாவதுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

குக்கரின் பாதுகாப்புக் குமிழ் கழன்று போன சத்தம் நாலந்தா வரை கேட்டது என்று ராத்தா பின்னர் சொன்னார். (நாலந்தா, தம்புள்ளைப் பாதையில் பல மைல் தூரம். ராத்தா எதையும் குறைத்துச் சொல்பவரல்ல.) கறுப்புப் புகை பலா மரத்துக்கு மேலே எழுந்தது. பிறகு சூடான மெழுகு மழையாகப் பெய்தது. வாழை இலையில், வேலியில், குடையில், கொடியில் நான் காயப்போட்டிருந்த கத்தரிப்பூ நிறச் சேலையில். மாலைக்குக் கட்டவேண்டிய சேலை அது. அலுமாரியின் நப்தலீன் வாசனை போகட்டும் என்று வெளியில் போட்டிருந்தேன். போய்விட்டது.

நான் வாழைக்குள் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, ஆசிரியர் எவரும் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைக் குக்கரைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

முன்படலை திறந்தது. அம்மா பட்டிஸ் பெட்டியோடு ஓடி வந்தாள். முதலில் குக்கரைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"என் குக்கரு! அடிப் பாவி, என்னடி இது? மண்ணு? எங்க இருந்து மண்ணு?"

"பலா மரத்தடி."

"புத்து மண்ணையா எடுத்த?" அம்மாவின் குரல் இறங்கிப்போனது. "அப்ப வெடிக்காம என்ன செய்யும்?"

காரணம் முற்றிலும் வேறு என்று விளக்க வாயைத் திறந்தேன். அந்த நொடி முன்வாசலில் ஒரு குரல் கேட்டது.

"வீட்டுல யாருங்க?"

சரியாக மூன்று மணி. மாப்பிள்ளை வீட்டார்.

அடுத்த பத்து நிமிடங்களில் அம்மா செய்ததை எந்த ஆய்வுகூடமும் செய்யாது. வந்தவர்களைக் கதிரையில் இருத்தி, என்னைக் குசினி வழியாக இழுத்துப்போய், தன் பச்சைச் சேலையைச் சுற்றி, கத்தரிப்பூ நிற ரவிக்கையைப் போட்டு, தலையில் ஒட்டியிருந்த மெழுகை எடுக்க முடியாமல் அதன் மேல் இரண்டு மடங்கு மல்லிகையை வைத்தாள். "வாயத் திறக்காத" என்றாள். தேத்தண்ணீர்த் தட்டோடு வெளியே வந்தேன். சிவநேசன், அவருடைய அப்பா, அம்மா. மூன்று பேரும் மிக நேராக உட்கார்ந்திருந்தார்கள்.

சிவநேசனின் அம்மாவைப் பற்றித் தரகர் எச்சரித்திருந்தார். தம்புள்ளைச் சந்தையில் வெங்காய மூட்டையைப் பிரிக்காமலே, அடியில் அழுகல் இருக்கிறதா என்று மூக்கால் சொல்லிவிடுவாராம்.

"பேரு சுகந்தி, இல்லையா?" என்று கேட்டு ஒரு மூச்சு இழுத்தார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"என்னமோ ஒரு வாசன வருதே?"

"அது… பக்கத்து வீட்டுல கூரைக்குத் தார் ஊத்துறாங்க."

"தார்தான், தார்தான்" என்றார் சிவநேசனின் அப்பா அவசரமாக. "நல்ல தாரு."

சிவநேசன் தன் பட்டிஸை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவின் பார்வை என் காதில் நின்றது. அங்கே ஒரு துளி மெழுகு உறைந்து தொங்கியது. ஒரு காதில் மட்டும்.

"தோடு நல்லாருக்கு" என்றார்.

அம்மா சிரித்தாள். நான் தலையைக் குனிந்தேன். சிவநேசன் கேட்டார்: "டீச்சர் லீவு நாள்ல என்ன செய்வீங்க?"

"சமையல்" என்றேன். அது பொய்யல்ல. அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டதற்காக அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள். காரியம் கைகூடிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் படலையில் பொலிஸ்காரர்கள் இருவர் வந்து நின்றார்கள். சந்தியில் இருந்த சோதனைச் சாவடியிலிருந்து புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு வந்திருந்தார்கள். ஒருவர் வயதான சார்ஜன்ட், மற்றவர் இளம் கொன்ஸ்தாபல்.

"மொகத மே கந்த?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் சார்ஜன்ட். என்ன நாற்றம் இது என்று கேட்டவர், அடுத்துச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். அம்மா தன் சிங்களத்தில் தார்க் கதையையே சொன்னாள். யார் வீட்டில் என்று கேட்டார்கள். அம்மா கை காட்டிய வேலிக்கு மேலே ஃபரீதா ராத்தாவின் தலை ஏற்கெனவே இருந்தது.

"தாரா? எங்கட வூடு ஓட்டுக் கூரதானே!" என்றார் ராத்தா, இரண்டு மொழியிலும்.

பின்வளவுக்குப் போனார்கள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். அங்கே ஒரு மூடிய பாத்திரம். அதற்குக் கம்பி. அதிலிருந்து ஒரு குழாய். பக்கத்தில் பெற்றோல் மணக்கும் திரவத்தோடு ஒரு போத்தல். கொன்ஸ்தாபல் இரண்டு அடி பின்னால் போனார். சார்ஜன்ட் கையை உயர்த்தி எல்லோரையும் நிற்கச் சொன்னார்.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்களைப் போன்ற தமிழ்ப் பெயருள்ளவர்களின் வீடுகளில் தீபாவளிக்குக் கூட யாரும் வெடி போடுவதில்லை. பஸ்ஸில் ஏறினால் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உட்காருவோம். அம்மா குசினிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கையில் இன்னும் பட்டிஸ் தட்டு இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். விளக்கினால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்பியவள் நான். என் சிங்களம் நன்றாகவே இருக்கும், அதுதான் வினை.

"பயப்படாதீங்க, இதுல வெடிமருந்து ஒண்ணும் இல்ல" என்று தொடங்கினேன். "உள்ள அழுத்தம் கூடினா அது தானாவே வெடிக்கும்."

சார்ஜன்ட் என் அடையாள அட்டையைக் கேட்டார்.

"இது முதல் முயற்சிதான்" என்றேன். "சரியா வந்தா பெரிய அளவில செய்யலாம். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுக்கப்போறேன்."

"மிஸ்" என்றார் சார்ஜன்ட், அட்டையில் என் பெயரைப் பார்த்தபடி, "நீங்க ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும்."

கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள், எங்கே வைத்திருப்பார்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி மனதில் இருக்கும். எனக்கு முதன்முறையாகத் திருத்துவதற்கு ஒன்றுமில்லாமல் போனது.

"சார்" என்றார் சிவநேசன். அவருடைய சிங்களம் என்னுடையதை விட மோசம். "அது குக்கர்தான். நாங்க பார்த்தோம்."

"எதைப் பார்த்தீங்க?"

"எல்லாத்தையும். மேல் ரோட்டுல வானுக்குள்ள இருந்தோம். இவங்க ஆடினதுல இருந்து பார்த்தோம்."

(வாளியைச் சுற்றி.)

சார்ஜன்டின் புருவம் ஏறியது. "வானுக்குள்ள ஏன் இருந்தீங்க? வீட்டுக்கு வந்தவங்க வீட்டுக்குள்ள வரவேண்டியதுதானே?"

சிவநேசன் தன் அம்மாவைப் பார்த்தார். அவருடைய அம்மா முன்னால் வந்து, தம்புள்ளைச் சந்தைச் சிங்களத்தில் விடயத்தை எடுத்து வைத்தார். சனிக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம். நான்கு மணிக்கு மாத்தளைக்கு வருவதென்றால் இரண்டரைக்குத் தம்புள்ளையில் புறப்படவேண்டும். எமகண்டத்தில் யாராவது பெண் பார்க்கப் புறப்படுவார்களா? ஆகவே ஒன்றேகாலுக்கே புறப்பட்டுவிட்டார்கள். வந்து சேர்ந்தபோது மூன்றாகவில்லை. எமகண்டத்தில் யாராவது பெண் வீட்டுக்குள் கால் வைப்பார்களா? ஆகவே மூன்று மணி வரை வானுக்குள் இருந்தார்கள்.

நான் பஞ்சாங்கம் பார்த்திருந்தேன். நான்கு மணி நல்ல நேரம் என்று குறித்தும் வைத்திருந்தேன். அவர்கள் வந்து சேரும் நேரத்துக்குத்தான் பார்த்தேன். புறப்படும் நேரத்துக்குப் பார்க்கவில்லை.

"ராகு காலய காலையிலதானே முடிஞ்சது?" என்றார் சார்ஜன்ட்.

"ராகு மட்டும் பார்த்தாப் போதுமா, ரால்ஹாமி? எமகண்டம் இல்லையா?" என்றார் சிவநேசனின் அம்மா, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல.

சார்ஜன்ட் கொன்ஸ்தாபலிடம் திரும்பினார். "என் கல்யாணத்தன்னைக்கு எங்கம்மா என்னை ராகு முடியிற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நிற்க வச்சா. மழை வேற." அவருடைய முகம் இளகியிருந்தது. இப்படி ஓர் அம்மாவைப் பொய் சொல்வதற்காக யாராலும் கற்பனை செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இவங்க அந்தக் குக்கருக்கு ஏசினாங்க, சார்" என்றார் சிவநேசன். "குண்டு செய்றவங்க யாராவது அதோட சண்ட போடுவாங்களா?"

சார்ஜன்ட் வாழை இலையிலிருந்து வெள்ளையாக ஒன்றைச் சுரண்டி, விரலில் உருட்டி, முகர்ந்தார். "இட்டி" என்றார். மெழுகு. அட்டையைத் திருப்பித் தந்தார். ஆனால் ஒரு என்ட்ரி போடாமல் விடமுடியாது. நாளைக் காலையில் மிஸ் குக்கரோடு ஸ்டேஷனுக்கு வரவேண்டும், சாட்சிக்கு இந்த மாத்தயாவும் வரவேண்டும் என்று சிவநேசனைக் காட்டிச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பட்டிஸ் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"அந்தத் தாரு…" என்று அம்மா மெல்லத் தொடங்கினாள்.

"விடுங்க" என்றார் சிவநேசனின் அம்மா. "நாங்களும் தாருன்னுதானே சொன்னோம்."

வானில் ஏறும்போது, "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

வானுக்குள் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சிவநேசனின் அம்மா, அதாவது என் மாமி, அதைச் சொல்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆடியிருக்கிறேன். குக்கர் வெடித்ததும் மாமா கதவைத் திறந்தாராம். "எமகண்டம் முடிய இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, உக்காருங்க" என்று மாமி இழுத்து உட்காரவைத்தாராம். சிவநேசன் மறுபக்கக் கதவால் குதிக்கப் பார்த்தபோது மாமி சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு, வாழைக்குள்ளிருந்து நான் எழுந்து அந்த வார்த்தையைச் சொன்னதும், "ஏசுறா இல்ல? உசிரோடதான் இருக்கா" என்று விட்டாராம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பருப்பு அடிப்பிடித்தால் யாரும் அடிப்பிடித்தது என்று சொல்வதில்லை. "பக்கத்து வீட்டுல தார் ஊத்துறாங்க" என்பார்கள். "நல்ல தாரு" என்பார் மாமா. என் மகள் ஐந்து வயது வரை பருப்பின் ஒரு வகைக்குப் பெயரே தார் என்று நினைத்திருந்தாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பல வருடங்கள் கழித்து, பொலித்தீனை உடைக்கும் ஆய்வுகளைப் பற்றி மறுபடி வாசித்தேன். பெரிய ஆய்வுகூடங்களில், விலையுயர்ந்த ஊக்கிகளை வைத்து, எண்ணெய் அளவுக்குப் போய்விடாமல் மெழுகு அளவிலேயே உடைத்து நிறுத்தப் பாடுபடுகிறார்களாம். அதற்குத்தான் நல்ல மதிப்பாம். அதாவது அன்று நான் வெற்றி பெற்றிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "என் குக்கரு?" என்றாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. "சொல்லி அனுப்புறோம்" என்பது மட்டும்தான் தெரியும். அதை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. நாட்குறிப்பைத் திறந்து மிச்சத்தை எழுத உட்கார்ந்தேன். தலையிலிருந்து மல்லிகையோடு சேர்ந்து ஒரு மெழுகுத் துண்டு அன்றைய பக்கத்தின் மேல் விழுந்தது. மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் வேலையாக அம்மா மிச்ச மண்ணைப் புற்றில் கொட்டி, பால் ஊற்றி, என் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். அவள் கும்பிட்டு நிமிரும்போது படலையில் சிவநேசன் நின்றார். தம்புள்ளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"இன்னைக்கு எமகண்டம் பன்னெண்டு மணிக்குத்தான்" என்றார். "அம்மா பார்த்துத்தான் அனுப்பினாங்க."

குக்கரையும் குழாயையும் ஒரு சாக்கில் போட்டோம். ஒரு காதை அவர் பிடித்தார், மறு காதை நான். அப்படியே ஸ்டேஷன் வரை நடந்தோம். வழியில் நான் எதையும் விளக்கவில்லை.

நேற்று வந்த கொன்ஸ்தாபல்தான் மேசையில் இருந்தார். பெயர், விலாசம், தொழில். பிறகு சிவநேசனிடம் கேட்டார்: "இவங்க உங்களுக்கு யாரு?"

"கல்யாணம் பேசியிருக்கு."

கொன்ஸ்தாபல் பேனாவை உயர்த்தினார். "முடிவாயிடுச்சா, இல்லையா? சரியா எழுதணும்."

சிவநேசன் என் பக்கம் திரும்பினார். "முடிவாயிடுச்சா?"

"ஆமா" என்றேன்.

கொன்ஸ்தாபல் எழுதினார். கீழே முதலில் சிவநேசன் கையெழுத்து வைத்தார், பிறகு நான்.